லோடு வந்த நாள்கள்

விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் முகம்மது நூகுவின் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, ஷிபானாவின் சீர் சாமான்களோடு ஒரு மடிக்கணினியும் வந்து இறங்கியது. மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் சொந்தச் சம்பளத்தில் வாங்கியது. அதில் அவள் தனக்கென்று ஒரு விக்கி வைத்திருந்தாள். ஊர் உலகமெல்லாம் சேர்ந்து எழுதும் விக்கி இல்லை. அவள் ஒருத்தி எழுதி, அவள் ஒருத்தியே படிப்பது. நெய்ச்சோற்றுக்கு ஒரு பக்கம், நாத்தனார் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு பக்கம், தண்ணீர் மோட்டார் எப்போதெல்லாம் கெட்டது என்பதற்கு ஒரு பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போய்க்கொள்ளலாம். அதுபோக, ஒவ்வொரு நாளும் தேதி போட்டு நாலு வரி எழுதுவாள். 'மாமி எலுமிச்சை ஊறுகாய் போட்டார்கள். உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை' என்கிற மாதிரி.

மாமியார் பைரோஜாவுக்கு இது பிடிபடவேயில்லை.

"கடைக் கணக்கா எழுதுற?"

"இல்ல மாமி. சும்மா, நடந்தத எழுதுறேன்."

"நடந்தத எதுக்கும்மா எழுதணும்? அதான் நடந்து போச்சே."

ஷிபானா சிரித்துக்கொண்டே மடிக்கணினியை மூடினாள். ஆனாலும் எழுதுவதை விடவில்லை. மகள் பர்ஹத் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். எல்லாம் தேதியோடு உள்ளே போய்ச் சேர்ந்தது.

பர்ஹத் இரண்டாம் வகுப்புக்குப் போகிற சமயத்தில் அவளுக்கு இளைப்பு ஆரம்பித்தது. முதலில் சளி என்று நினைத்தார்கள். பிறகுதான் மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோலச் சத்தம் கேட்டது. பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கினாள். மருத்துவர், முகத்தில் வைத்து அழுத்தி மருந்தை இழுக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு, "எப்பெப்ப வருது, அந்தச் சமயத்துல வீட்ல என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் எழுதி வைங்கம்மா" என்றார். எழுதச் சொல்லி ஒருவர் கேட்டது ஷிபானாவுக்கு அதுதான் முதல் தடவை.

காரணம் என்னவென்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நூகுவின் வீட்டுக்கும் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். லோடு வந்து மூட்டை இறங்கினால் அந்தத் தெருவே தும்மும். வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் வாசலிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எப்படித்தான் இங்கன குடியிருக்கீகளோ" என்பார்கள். அந்த நெடியில் ஏழு வயதுப் பிள்ளைக்கு மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

ஷிபானா அப்படித்தான் நம்பினாள். நம்புவதற்கு அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவளுக்குத் தனி வீடு வேண்டும். பைரோஜா கெட்டவள் இல்லை. ஆனால் அடுப்படியில் ஒரு டம்ளர் இடம் மாறியிருந்தால்கூடக் கேட்பாள். வந்து இத்தனை வருடமாகியும் ஷிபானா அந்த வீட்டில் விருந்தாளி மாதிரியே டம்ளரை எடுத்து, விருந்தாளி மாதிரியே வைத்துக்கொண்டிருந்தாள். இதை அவள் விக்கியில்கூட எழுதியதில்லை. இப்போது பிள்ளைக்கு இளைப்பு வந்ததும், கணவன் அசாருதீன் தானாகவே, "மதுரை ரோட்டுப் பக்கம் ஒரு வீடு பாப்பமா?" என்றான். அவளுக்கு வருத்தத்துக்கு நடுவே சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

வீடும் பார்த்துவிட்டார்கள். அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவிடம் சொல்வதுதான் பாக்கி. கிட்டங்கியை ஒட்டி இப்போதிருக்கும் வீட்டை நூகு பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார்.

"அத்தாகிட்ட வெறும் வாயில சொன்னா நிக்காது" என்றான் அசாருதீன். "நீதான் தினமும் எழுதுறியே. என்னைக்கெல்லாம் லோடு வந்துச்சு, என்னைக்கெல்லாம் புள்ளைக்கு முடியாமப் போச்சுன்னு சேத்து எடுத்துக் குடு. அவரு வியாபாரி, எழுத்துல பாத்தா ஒத்துக்குவாரு."

ஷிபானா ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரு அடையாளச் சொல் வைப்பது வழக்கம். இளைப்பு வந்த நாளில் 'இளைப்பு'. லோடு வந்திருந்தால் 'லோடு'. அவள் விக்கியிடம், இந்த இரண்டும் சேர்ந்திருக்கும் நாள்களை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொன்னாள். கண் மூடித் திறப்பதற்குள் வரிசையாக வந்து நின்றன. தை, மாசி, பங்குனி என்று வத்தல் வரத்துக் காலம் முழுக்க. பார்த்தவுடனே யாரும் ஒப்புக்கொள்வார்கள். அசாருதீன் எட்டிப் பார்த்துவிட்டு, "போதும், இதுபோதும்" என்றான்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவன் பேச்சைத் தொடங்கினான். நூகு வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்டார். பைரோஜாதான் கேட்டாள்.

"ஏம்மா ஷிபானா, நோம்பு நேரத்துல ராம்நாட்டு வத்தல் வந்து இறங்குச்சே, நெனப்பிருக்கா? விடியமுன்ன ஸஹர் சோத்துக்கு எந்திரிச்ச நாமெல்லாம் தும்மித் தீத்தோம். உன் மக அன்னைக்கெல்லாம் கிட்டங்கிக்குள்ள மூட்டை மேல ஏறித்தானே குதிச்சா? அப்ப எங்கன போச்சு இந்த இளைப்பு?"

"அன்னைக்கு இல்லாட்டி மறுநாள் வந்திருக்கும் மாமி."

"வரல. நான்தான் பிள்ளையப் பக்கத்துல படுக்கப் போட்டேன். நோம்பு முப்பதும் நல்லாத்தான் இருந்தா." சொல்லிவிட்டுப் பைரோஜா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். குரலில் சண்டை இல்லை. அதுதான் ஷிபானாவை உறுத்தியது.

மறுநாள், மாமி சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே அவள் கணினியைத் திறந்தாள். ரம்ஜான் மாதத்துக் குறிப்புகளைப் பார்த்தாள். 'இளைப்பு' என்ற சொல்லே இல்லை. சரி, லோடு வரவில்லை போல என்று பார்த்தால் 'லோடு' என்ற சொல்லும் இல்லை. ஆனால் லோடு வந்தது அவளுக்கே ஞாபகம் இருந்தது. தும்மிக்கொண்டே நோன்புக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைக்கு முடியாமல் போன நாளில் மட்டும்தான் 'இன்றைக்கு லோடு வந்ததா' என்று விசாரித்து எழுதியிருக்கிறாள். பிள்ளை நன்றாக இருந்த நாளில் லோடு வந்ததா இல்லையா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காதது எப்படி வடிகட்டியில் வந்து நிற்கும்?

அசாருதீனிடம் லாரி ஆபீசிலிருந்து வந்த செய்திகளைக் கேட்டு வாங்கினாள். லோடு வந்த நாள்கள் அத்தனையையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். திரும்பவும் வடிகட்டினாள். முன்பு வரிசையாக நின்றது இப்போது கலைந்துபோனது. லோடு வந்து பிள்ளை நன்றாக இருந்த நாள்கள்தான் அதிகம்.

அவளுக்கு விட மனமில்லை. நெடி உடனே வேலை செய்யாமல் ரெண்டு நாள் கழித்துச் செய்யுமோ என்னவோ. நாள் நாளாகப் பார்த்தால் தெரியாது, வாரம் வாரமாகக் கட்டிப் பார்ப்போம் என்று, குறிப்புகளை வாரவாரியாகச் சேர்த்துக் காட்டச் சொன்னாள். இளைப்பு வந்த வாரங்களை மட்டும் நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றாக விரித்தாள்.

வாரம் சனிக்கிழமை தொடங்குமாறு அவள் எப்போதோ வைத்திருந்தாள். விரித்த முதல் வாரத்தின் முதல் வரி, 'அம்மா வீட்டுக்குப் போனோம்.' அடுத்ததிலும் அதே. அதற்கடுத்ததிலும். சனி, ஞாயிறு சிவகாசியில் அம்மா வீடு. திங்களோ செவ்வாயோ விருதுநகர் வந்தபின் இளைப்பு. வீட்டுக்கு வந்து படுப்பதால் பழி வீட்டின் மேலேயே விழுந்திருக்கிறது. கோடை விடுமுறையில் அம்மா வீட்டில் தங்கியபோது இரண்டு வாரமும் இளைப்பு. அப்போது வெயில் என்று சொன்னார்கள். நோன்பு மாதத்தில் அவர்கள் சிவகாசிக்கே போகவில்லை.

ஷிபானா கணினியை மூடிவிட்டுப் போய்த் துணி மடித்தாள். மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். பிறகு திரும்பி வந்து திறந்தாள்.

ஊர்க் காற்றாக இருக்கலாம், பட்டாசு ஊர்தானே என்று ஒரு நப்பாசை. ஆனால் பெரியம்மா மகள் கல்யாணத்துக்குச் சிவகாசி போய் மண்டபத்திலேயே தங்கிய வாரம் ஒன்று இருந்தது. அந்த வாரம் பிள்ளை பிரியாணி சாப்பிட்டு, ஓடி விளையாடி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் திரும்பியிருக்கிறாள். அப்படியானால் ஊர் இல்லை. வீடு. அம்மா வீட்டில் புதிதாக என்ன வந்தது? அவளுக்குப் பார்க்காமலே தெரியும். இருந்தும் தேடிப் பார்த்தாள். முதல் இளைப்புக்குக் கொஞ்ச நாள் முந்திய ஒரு குறிப்பு, 'சுல்தான் ஒரு ஜோடி புறா வாங்கி வந்திருக்கிறான்.'

சுல்தான் அவள் தம்பி. எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அலுவலக வேலை பார்த்தான். பக்கத்து யூனிட்டில் வெடி விபத்து நடந்தபோது அங்கே ஆர்டர் விஷயமாகப் போயிருந்த அவன் சிநேகிதன் ராஜபாண்டியன் திரும்பி வரவில்லை. அன்றைக்குப் பிறகு சுல்தான் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடி இருந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான். பல மாதம் கழித்து ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் வெளியே போய் இரண்டு புறாக்களோடு வந்தான். ஜோடி பெருகி மாடி நிறைந்தது. அவன் மாடிக்கு ஏறினான், இறங்கினான், புறாவுக்குத் தீனி போட அம்மாவிடம் கம்பு கேட்டான், அச்சாபீஸ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

ஷிபானா 'சுல்தான்' என்ற பெயர் வரும் குறிப்புகளை எடுத்து மாதவாரியாக அடுக்கினாள். 'சுல்தான் பேசவில்லை.' 'சுல்தான் பேசவில்லை.' 'அம்மா அழுதாள். சுல்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.' அப்புறம் புறா. 'சுல்தான் புறாவுக்குப் பேர் வைத்திருக்கிறான்.' 'சுல்தான் பர்ஹத்தை மாடிக்குத் தூக்கிப் போனான். இன்றைக்குச் சிரித்தான்.'

பிள்ளைக்கு மூச்சு முட்டத் தொடங்கியதும் தம்பிக்கு மூச்சு வந்ததும் ஒரே சமயத்தில்தான். இதை அவளே தேதி போட்டு எழுதியிருந்தாள்.

பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது. பர்ஹத் பையைக் கொடுத்துவிட்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "அம்மா, இந்தச் சனிக்கிழமை புதுக் குஞ்ச என் கையில குடுக்குறேன்னு சுல்தான் மாமா சொல்லிருக்கு. கண்ணே தொறக்கலயாம்."

சாயங்காலம் அசாருதீன் கடையிலிருந்து வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிப் படித்தான்.

"அப்ப வீடு மாறுறது?"

"அது வேற மச்சான்."

அவன் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான். "நான் ஒண்ணு சொல்றேன். புள்ளைய சிவகாசிக்குக் கூட்டிப் போகாம இருந்துருவோம். சுல்தானுக்கும் புறா இருக்கட்டும். அத்தாகிட்ட கிட்டங்கின்னே சொல்லிட்டதால அப்படியே போயிருவோம். யாருக்கு என்ன நட்டம்?"

நல்ல யோசனைதான். ஷிபானாவுக்கு அவர்கள் பார்த்துவைத்த வீட்டின் வெள்ளைச் சுவரும், ஜன்னலுக்கு வெளியே நின்ற முருங்கையும் கண்ணில் வந்தன. உடனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அடுப்படியில் பைரோஜா பேத்திக்குப் பால் ஆற்றும் சத்தம் கேட்டது.

"மாமி சொன்னது உண்மை" என்றாள். "அவுகளப் பொய்யாக்கிட்டு நான் போயி எந்த வீட்ல உக்காந்தாலும் சரியா வராது. சுல்தான்கிட்டயும் புள்ள ஏன் வரலன்னு எத்தன நாளைக்குச் சாக்குச் சொல்லுவேன்? எனக்குத் தனியா இருக்கணும்னு ஆசைதான். நீங்க கேட்டாலும் கேக்காட்டாலும் அது உண்மை. அதப் பிள்ள தலையில தூக்கி வைக்க மாட்டேன்."

அசாருதீன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் தனக்கு இன்னது வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே மருத்துவரிடம் போனாள். விக்கியைப் போனிலும் ஏற்றி வைத்திருந்தாள்; அதில் அவள் வாரவாரியாகக் கட்டிய பக்கத்தை அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். புறா இறகின் தூசும் எச்சமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உறுதியாகச் சொல்லச் சோதனை இருக்கிறது, ஆனால் முதலில் மூன்று மாதம் பிள்ளையை விலக்கி வைத்துப் பாருங்கள் என்றார்.

சனிக்கிழமை ஷிபானா மட்டும் சிவகாசிக்குப் பஸ் ஏறினாள். சுல்தான் மாடியில் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கம்பு இறைத்துக்கொண்டிருந்தான்.

"புள்ள எங்கக்கா?"

அவள் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவன் கை கம்பை இறைத்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"டாக்டரு சொன்னாரா, நீயா சொல்றியா?"

"நான் எழுதி வச்சிருந்தேன்லே. அதுல தெரிஞ்சுச்சு."

"எங்க, காட்டு."

போனில் எடுத்துக் கொடுத்தாள். அவன் இளைப்பு வந்த வாரங்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வந்தவன் விரல் தவறித் தன் பெயர் போட்ட பக்கத்துக்குப் போய்விட்டான். ஷிபானா போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். அவன் தரவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

"நான் அம்புட்டு நாளாவா பேசாம இருந்தேன்?"

"ஆமாலே."

"எனக்கு ஒரு வாரம் மாதிரிதான் தெரியுது." போனைக் கொடுத்தான். ஒரு புறா அவன் தோளில் வந்து உட்கார்ந்தது. அதை மெல்ல எடுத்துக் கீழே விட்டான். "எனக்கு ரெண்டு நாள் டயம் குடுக்கா."

இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் ஷிபானா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மறுபடியும் மூலையில் உட்கார்ந்துவிட்டானோ என்று அம்மாவிடம் கேட்டபடி இருந்தாள். "வாரான், போறான். எதுவும் சொல்லல" என்றாள் அம்மா.

பிறகு அவனே பேசினான். எம். புதுப்பட்டியில் மொக்கைச்சாமி என்று விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி இருந்தார். கம்பெனிக்குப் போன காலத்தில் சுல்தானும் ராஜபாண்டியனும் மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்து மோட்டார் ரூம் நிழலுக்குத்தான் போவார்கள். அங்கே கூடு கட்ட இடம் கேட்டிருக்கிறான். அவர் வேறு எதுவும் கேட்காமல், "இம்புட்டு நாளா எங்கப்பா இருந்த? வந்து வச்சுக்கோ" என்றாராம்.

"அந்த ரோட்டுலயா போன?" என்றாள் ஷிபானா. விபத்துக்குப் பிறகு அவன் அந்தத் திசையில் பஸ் ஏறியதுகூட இல்லை.

"ஆமா. பாதி வழியில வண்டிய நிப்பாட்டிட்டேன். திரும்பிருவமான்னு பாத்தேன். அவருகிட்ட காட்ட எடுத்துட்டுப் போன புறா கூடையில முணங்குச்சு. சரின்னு போயிட்டேன்."

புறாக்களைக் கொண்டுபோய் விடுவது லேசில் முடியவில்லை. கூட்டைத் திறந்த அன்றைக்கே பாதி பறந்து சிவகாசி மாடிக்கு வந்து உட்கார்ந்துகொண்டன. திரும்பப் பிடித்துக்கொண்டு போனான். கூட்டிலேயே அடைத்து வைத்துப் பழக்கினான். மொக்கைச்சாமியின் மனைவி ராக்காயி, காயப்போட்ட சோளத்தை எல்லாம் தின்கிறது என்று தினமும் திட்டினாள். திட்டிவிட்டு அவன் வராத பொழுதில் அவளே தண்ணீர் வைத்தாள். எத்தனை தடவை கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வந்த ஒரு ஜோடியை மட்டும் அவன் ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னாள். மறுநாள் சாப்பிட்டானாம்.

விருதுநகரில் ஷிபானா மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னபோது பைரோஜா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"கிட்டங்கி இல்ல மாமி. நீங்க சொன்னதுதான் சரி."

'நான்தான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரும் என எதிர்பார்த்து நின்றாள். பைரோஜா கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். "புள்ள நல்லாருந்தா சரிதான்" என்றாள். பிறகு, "உன் தம்பி பாவம்" என்றாள். இன்னும் கொஞ்சம் கீரை உருவிய பிறகு, "மாடியில அந்தப் பெரிய ரூமு சும்மாதானே கெடக்கு. ஒரு அடுப்பு போட்டுக்கிட்டா உனக்குச் சௌகரியமா இருக்கும்ல? உனக்குத் தனியா இருக்க ஆசைன்னு அசாரு சொன்னான். எம்மருமக எங்கிட்ட கெடந்து தவிச்சாள்னு நாளைக்கு எவளும் சொல்லக் கூடாது பாரு" என்றாள்.

ஷிபானாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உட்கார்ந்து அவளும் ஒரு கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டாள். மதுரை ரோட்டு வீட்டுப் பேச்சு அத்தோடு நின்றது; மழைக்கு முன்னால் மாடியில் அடுப்படி தயாராகிவிட்டது. டம்ளர்களை அவள் தன் இஷ்டத்துக்கு வைத்தாள். பைரோஜா தேநீர் குடிக்க மேலே வரும்போதெல்லாம் அவற்றை மாற்றி வைத்துவிட்டுப் போனாள். அது இப்போது அவ்வளவாக உறுத்தவில்லை.

மூன்று மாதத்தில் பர்ஹத்துக்கு ஒரே ஒரு முறை லேசாக இளைத்தது, அதுவும் மழைச் சளியோடு. சிவகாசி வீட்டில் மாடியைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மெத்தை தலையணையெல்லாம் புதிதாக மாற்றினார்கள். மருத்துவர் சரி என்றதும், அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளையைக் கூட்டிப் போனாள் ஷிபானா. முதல் நாள் முழுக்கப் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. பர்ஹத், "சும்மா இரும்மா, கூசுது" என்று ஓடினாள்.

பொழுது சாயும் நேரத்தில் சுல்தானின் வண்டிச் சத்தம் கேட்டது. பிள்ளை வாசலுக்கு ஓடினாள். அவன் தூரத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"அங்கனயே நில்லு. மாமா தோட்டத்துல இருந்து வாரேன்."

வீட்டுக்குள் வராமல் சந்து வழியாகப் பின்பக்கம் போனான். குழாயைத் திறந்து தலையோடு குளித்தான். சட்டையைக் கழற்றி வாளியில் முக்கினான். கதவுக்குப் பின்னால் பர்ஹத் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஆச்சா மாமா?"

"இன்னும் சோப்பு போடல."

"இப்ப?"

"இரும்மா, தலை துவட்டிக்கிறேன்."

கொடியில் அவனுக்காக அம்மா காயப்போட்டிருந்த துவைத்த சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். பிள்ளை தாவி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் அவள் முகத்தில் சொட்டியது.

"குஞ்சு பெருசாயிருச்சா?"

"அதெல்லாம் பறக்குது இப்ப. ராக்காயி அத்தை தலையில உக்காந்து வசவு வாங்குச்சு பாரு."

"என்ன சொல்லி வஞ்சாக?"

சுல்தான் ராக்காயி மாதிரியே இடுப்பில் கை வைத்து, குரலை உயர்த்தி வைது காட்டினான். பர்ஹத் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். ஷிபானா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். வெறும் சிரிப்புத்தான்.